தெருவாசிகள் சொல்லும் யோசனை எங்கே நின்றுபோகிறது?

தெருவிளக்கு எரியவில்லை என்று புகார் சொல்வது எளிது. சென்னையில் 1913-ஐ அழைக்கலாம். மற்ற ஊர்களில் அந்தந்த மாநகராட்சிக்கு ஒரு எண்ணோ செயலியோ இருக்கிறது. கம்பத்தின் எண்ணையும் சேர்த்துச் சொன்னால் வேலை இன்னும் சுலபம். ஆள் வருவார், பல்பை மாற்றுவார், புகார் முடியும். இப்போது வேறொரு புகாரை யோசித்துப் பாருங்கள். தெருமுனையில் ஒரு பள்ளிக்கூடம். மெயின் ரோட்டிலிருந்து திரும்பும் வண்டிகள் வேகம் குறைக்காமலே உள்ளே வருகின்றன. காலையும் மாலையும் பிள்ளைகள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடக்கிறார்கள். இதை எந்தப் பிரிவில் பதிவது? விளக்கு, குப்பை, சாலைப் பள்ளம், கழிவுநீர் அடைப்பு, தெருநாய் என்று புகார்ப் பட்டியல் நீளும். தெருமுனையின் வளைவு சரியில்லை என்று சொல்வதற்கு அதில் இடம் தேடினால் கிடைப்பது கஷ்டம்.

குடியிருப்புத் தெருக்களின் பாதுகாப்பு பற்றி மக்கள் சொல்லும் யோசனைகள் ஏன் பாதி வழியில் நின்றுவிடுகின்றன என்ற கேள்விக்கான பதில் பெருமளவு இங்கேதான் இருக்கிறது. நம் உள்ளாட்சி நிர்வாகத்துக்குப் பழுதைச் சரிசெய்யத் தெரியும். எரியாத விளக்கு, உடைந்த மூடி, பெயர்ந்த கல் ஆகியவற்றுக்கு ஆள், பணம், பதிவேடு எல்லாம் உண்டு. ஆனால் எந்தப் பழுதும் இல்லாமலே ஆபத்தாக இருக்கும் தெருக்களும் இருக்கின்றன. புதிதாகத் தார் போட்டு, அகலமாக, பளிச்சென்று வெளிச்சத்தோடு இருக்கிற தெருவில்தான் வண்டிகள் பறக்கும். அங்கே மாற வேண்டியது தெருவின் அமைப்பு. அமைப்பை மாற்றச் சொல்லும் யோசனையை வாங்கி, பரிசீலித்து, பதில் சொல்லும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் ஏற்படவில்லை. அதற்கென்று உருவான ஒன்றிரண்டு ஏற்பாடுகளும் பெரும்பாலான மக்களுக்குத் தெரியாமலே இருக்கின்றன.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு போதும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்தான்: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். இதில் நெடுஞ்சாலைகளின் பங்கு பெரிது என்பது உண்மை. ஆனால் வாகனம் சம்பந்தப்படாத எதுவும் இந்தக் கணக்கில் வராது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நடைபாதைக் கல் தடுக்கி இடுப்பு எலும்பு முறிந்த பாட்டி இதில் இல்லை. திறந்து கிடந்த வடிகாலில் விழுந்தவர் இதில் இல்லை. சென்னையில் 2022 அக்டோபரில் கட்டிமுடிக்கப்படாத மழைநீர் வடிகால் பள்ளத்தில் விழுந்து ஒரு இளம் பத்திரிகையாளர் உயிரிழந்தார். பள்ளத்தைச் சுற்றி ஒழுங்கான தடுப்பு இருந்திருந்தால் நடந்திருக்காது. அப்படிப்பட்ட பள்ளங்களைப் பற்றி அந்தந்தத் தெருக்காரர்கள் தினமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தப் பேச்சு போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருவதில்லை.

எல்லோரும் கேட்பது ஸ்பீடு பிரேக்கர்

ஒரு தெருவில் விபத்து நடந்தால் மறுநாளே எழும் கோரிக்கை "ஒரு ஸ்பீடு பிரேக்கர் போடுங்க" என்பதுதான். கவுன்சிலரிடம் மனு போகும். சில சமயம் மனுவெல்லாம் இல்லாமல், பக்கத்துத் தெருவில் ரோடு போடும் ஒப்பந்தக்காரரிடம் மீதித் தாரைக் கேட்டு வாங்கி ராத்திரியோடு ராத்திரியாக ஒரு மேட்டைப் போட்டுவிடுவதும் உண்டு. ஆபத்து எந்த இடத்தில் இருக்கிறது என்பதில் மக்கள் அநேகமாகத் தவறுவதில்லை. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் தவறு நேர்கிறது.

சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்திய சாலை காங்கிரஸ், வேகத்தடைக்கு ஒரு அளவு வைத்திருக்கிறது. வழக்கமான வட்ட வடிவ மேடு 3.7 மீட்டர் நீளம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. இதன் மேல் வண்டி சுமார் 25 கி.மீ. வேகத்தில் அதிகம் குலுங்காமல் ஏறி இறங்கலாம், வேகமாக வந்தால் மட்டும் தூக்கிப்போடும். இந்த அளவில் கட்டினால்தான் அது வேகத்தடை. நம் தெருக்களில் பார்ப்பது பெரும்பாலும் ஒன்றரை அடி அகலமும் அரையடி உயரமும் உள்ள ஒரு வரப்பு. மெதுவாகப் போனாலும் அது முதுகைப் பதம் பார்க்கும். வெள்ளைக் கோடு கிடையாது, முன்னறிவிப்புப் பலகை கிடையாது, இருட்டில் தெரியாது. பைக்கில் பின்னால் உட்கார்ந்து வருகிறவர், ஆட்டோவில் போகும் கர்ப்பிணி, ஆம்புலன்சில் கிடப்பவர் எல்லோருக்கும் அதுவே புது ஆபத்து. மக்கள் கேட்டதைக் கொடுத்தாயிற்று என்று அதிகாரிகளும், கேட்டது கிடைத்தாயிற்று என்று மக்களும் அங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள்.

வேகத்தைக் குறைக்க வேண்டும் என்ற நோக்கம் என்னவோ நூற்றுக்கு நூறு சரி. ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு நொடியில் வண்டி எட்டு மீட்டருக்குச் சற்று அதிகமாக நகரும். 50 கி.மீ. வேகத்தில் ஏறக்குறைய 14 மீட்டர். நிறுத்தி வைத்த இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து பத்து மீட்டர் முன்னால் ஒரு குழந்தை ஓடிவருகிறது. 30-ல் வருகிறவர் மோதுவதற்கு முன்பே பிரேக்கைத் தொட்டிருப்பார். 50-ல் வருகிறவர் பிரேக்கைத் தொடுவதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய சாலைப் பாதுகாப்பு மாநாட்டின் பிரகடனம், நடப்பவர்களும் வாகனங்களும் கலந்து புழங்கும் இடங்களில் உச்ச வேகம் 30 கி.மீ. இருக்க வேண்டும் என்று சொன்னதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

ஆனால் 30 என்று பலகை வைத்தால் யாரும் 30-ல் போகப் போவதில்லை. தெருவே வண்டியை 30-க்கு இறக்க வேண்டும். அதற்கு வழிகள் இருக்கின்றன. தெருமுனையை எடுத்துக்கொள்ளுங்கள். முனை அகலமான வளைவாக இருந்தால் வண்டி வேகத்தோடு திரும்பிவிடும். அதே முனையில் நடைபாதையைக் கொஞ்சம் வெளியே நீட்டி வளைவைச் சுருக்கினால் ஓட்டுநர் மெதுவாகத்தான் திரும்ப முடியும். கூடவே கடக்க வேண்டிய தூரமும் குறைகிறது. முனையில் யாரும் வண்டியை நிறுத்த முடியாததால் பார்வையும் மறைவதில்லை. இன்னொன்று, கடக்கும் இடத்தில் ரோட்டையே நடைபாதை உயரத்துக்கு ஏற்றிவிடுவது. நடப்பவர் இறங்கி ஏற வேண்டாம், வண்டிதான் ஏறி இறங்க வேண்டும். பள்ளிக்கூட வாசலுக்கு இது மிகவும் பொருத்தம். மனுக்களில் இவையெல்லாம் ஏன் வருவதில்லை? நம் ஊரில் பெரும்பாலானோர் இப்படிப்பட்ட முனையையோ கடவையையோ கண்ணால் பார்த்ததே இல்லை. பார்த்திராத ஒன்றை எப்படிக் கேட்பார்கள்? கேட்காததற்கு மக்களைக் குறை சொல்ல மாட்டேன். "இங்கே ஆபத்து" என்று அவர்கள் கை காட்டிய பிறகு, "இதற்கு இன்னின்ன வழிகள் உண்டு, எது வேண்டும்?" என்று கேட்க வேண்டியது பொறியாளரின் வேலை.

நடைபாதை இருந்தும் ரோட்டில் நடப்பது

அடுத்த பெரிய கோரிக்கை நடைபாதை. இதற்கும் சாலை காங்கிரசின் வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும், இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடந்து போகும் அளவுக்கு. ரோட்டிலிருந்து உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் கூடாது. நம் தெருவில் அந்த 1.8 மீட்டருக்குள் என்னென்ன இருக்கிறது என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபார்மர், தொலைபேசி நிறுவனத்தின் பெட்டி, மரம், கொடிக்கம்பம், கடைக்காரரின் பெயர்ப்பலகை, பைக்குகள். அப்புறம் வீட்டுக்கு வீடு கார் ஏற்றுவதற்கான சாய்தளம். ஒவ்வொரு வாசலிலும் நடைபாதை இறங்கி ஏறும்போது முட்டி வலி உள்ளவர் என்ன செய்வார்? ரோட்டில் இறங்கி நடப்பார். அவரைப் பார்த்து "பிளாட்பாரம் இருக்கும்போது ரோட்டில் ஏன் நடக்கிறீர்கள்" என்று கேட்பதில் அர்த்தமே இல்லை.

இந்த விஷயத்தில் மக்கள் மேலும் தவறு உண்டு என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நடைபாதை வேண்டும் என்று மனுக் கொடுக்கும் குடியிருப்போர் சங்கத்திலேயே, தன் வீட்டு வாசல் நடைபாதையில் தொட்டி கட்டிச் செடி வளர்ப்பவரும், சாய்தளத்தை ரோடு வரை நீட்டியவரும், இரண்டாவது காரைத் தெருவில் நிறுத்துபவரும் இருப்பார்கள். நடைபாதை அமைக்க வேண்டுமானால் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு பங்கு போகும் என்று தெரிந்தவுடன் பல தெருக்களில் ஆதரவு கரைந்துபோகிறது. இந்தப் பேச்சைத் தவிர்த்துவிட்டு எந்த யோசனையும் நகராது.

உயரப் பிரச்சினைக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே திரும்பத் திரும்ப ரோடு போட்டதால் பல தெருக்களில் ரோடு உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்டது. நடைபாதை ரோட்டோடு சமமானது. பிறகு அதை உயர்த்திக் கட்டினார்கள். மழை வந்தால் தண்ணீர் வீட்டுக்குள். ஊர் ஊராக மக்கள் இதைப் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2021 மே மாதம், அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று அறிவுறுத்தல் அனுப்பினார். தெருவாசிகளின் யோசனை ஒன்று மாநில அளவிலான விதியாக மாறியதற்கு இது நல்ல உதாரணம். எல்லா இடத்திலும் ஒழுங்காகப் பின்பற்றப்படுகிறதா என்பது வேறு விஷயம். ஆனால் இப்போது ஒரு தெருக்காரர் ரோடு போடும் இயந்திரத்தின் முன்னால் நின்று "சுரண்டாமல் போடாதீர்கள்" என்று சொல்ல முடிகிறது. கையில் ஒரு ஆணை இருப்பது அவ்வளவு பலம்.

ஒரே தெருவுக்குப் பல சொந்தக்காரர்கள் இருப்பதும் சேர்ந்துகொள்கிறது. தெரு மாநகராட்சியுடையது. ஆனால் அது போய்ச் சேரும் பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம். கீழே ஓடும் குழாய் குடிநீர் வாரியத்துடையது, பெட்டி மின்வாரியத்துடையது, சிக்னலும் ஒருவழிப்பாதையும் போக்குவரத்துக் காவல்துறையின் முடிவு. மக்கள் பார்ப்பது ஒரு தெருமுனையை. நிர்வாகம் பார்ப்பது நான்கைந்து கோப்புகளை. ஒரு கோப்பில் இருப்பவர் "இது எங்கள் வேலை இல்லை" என்று சொல்லும்போது அவர் பொய் சொல்வதும் இல்லை.

இருட்டும் வெறிச்சோடிய மதில்களும்

இரவுப் பாதுகாப்பு என்றதும் விளக்கு என்று சொல்லிவிடுகிறோம். அது பாதிதான். 1989-ல் கனடாவின் டொரண்டோ நகரில் மெட்ராக் என்ற அமைப்பு ஒரு முறையைத் தொடங்கியது. பெண்கள் குழுவாகச் சேர்ந்து தங்கள் பகுதியில் இரவில் நடந்து, எந்த இடத்தில் பயமாக இருக்கிறது, ஏன் என்று குறிப்பெடுப்பார்கள். இந்த முறை உலகமெங்கும் பரவியது. டெல்லியில் ஜாகோரி என்ற பெண்கள் அமைப்பு இதைச் செய்தது. 2013-ல் தொடங்கிய சேஃப்டிபின் அதைச் செயலியாக்கியது. அதில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுபவற்றைப் பாருங்கள்: வெளிச்சம், திறந்தவெளி, சுற்றியுள்ள கடைகளிலிருந்தும் சன்னல்களிலிருந்தும் தெரு தெரிகிறதா, ஆள் நடமாட்டம், அதில் பெண்கள் எவ்வளவு பேர், நடக்கப் பாதை இருக்கிறதா, பக்கத்தில் பேருந்து உண்டா. வெளிச்சம் இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்று.

நம் தெருக்களுக்கு இது அப்படியே பொருந்தும். இரண்டு பக்கமும் பத்தடி மதில், நடுவில் பளீரென்ற எல்.இ.டி. விளக்கு, ஆளே இல்லாத சாலை. இதைவிட, மங்கலான வெளிச்சத்தில் ஒரு டீக்கடையும் இட்லி வண்டியும் உள்ள தெருவில் பெண்கள் நிம்மதியாக நடப்பார்கள். விளக்கு இருக்கும் இடங்களிலும் அது எதன் மேல் விழுகிறது என்று பார்க்க வேண்டும். கம்பம் ரோட்டுக்காக நட்டது, அதனால் வெளிச்சம் ரோட்டில் விழுகிறது. நடைபாதை மரத்தின் நிழலில் கிடக்கிறது. மரத்தை வெட்ட வேண்டியதில்லை, கிளைக்குக் கீழே தாழ்வாக இன்னொரு விளக்கு போதும். டாஸ்மாக் கடையை மாற்றச் சொல்லிக் கிராம சபைகளிலும் தெருக்களிலும் பெண்கள் திரும்பத் திரும்பக் குரல் கொடுப்பதையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் எங்கே அடி எடுத்து வைக்கத் தயங்குகிறார்கள் என்பதை அவர்கள் சொல்கிறார்கள். அது தெருப் பாதுகாப்பு பற்றிய தகவல்.

இங்கேதான் நடைபாதை வியாபாரிகள் விஷயம் வருகிறது. நடைபாதையை மீட்க வேண்டும் என்றால் முதலில் விரட்டப்படுபவர்கள் அவர்கள்தான். பைக்குகளும் ஜெனரேட்டர்களும் அப்புறம்தான் கண்ணில் படும். 2014-ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம், ஒவ்வொரு ஊரிலும் நகர விற்பனைக் குழு அமைத்து, அதில் 40 சதவீதம் வியாபாரிகளே உறுப்பினர்களாக இருக்க வேண்டும் என்கிறது. எங்கே வண்டி நிற்கலாம், நடப்பதற்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை அவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்வதற்கான ஏற்பாடு அது. ராத்திரி பதினொரு மணிக்குத் தெருவில் விழித்திருப்பவர் அந்த வண்டிக்காரர். அவரைக் கேட்காமல் தெருப் பாதுகாப்பைத் திட்டமிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேட்டுப் பெற்ற ஒரு பாதை

சென்னை மெரினாவில் மணலைக் கடந்து கடல் அருகே போக மாற்றுத்திறனாளிகளுக்கு வழியே இல்லாமல் இருந்தது. சக்கர நாற்காலி மணலில் புதையும். மாற்றுத்திறனாளர் உரிமை அமைப்புகள் பல ஆண்டுகள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தன. முதலில் கிடைத்தது ஆண்டுக்கு ஒரு முறை, சில நாட்களுக்கு மட்டும் போடும் தற்காலிகப் பாதை. அந்தச் சில நாட்களில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் வாழ்க்கையில் முதல்முறையாகக் கடலில் கால் நனைத்தார்கள் என்பதை எல்லோரும் பார்த்தார்கள். 2022 நவம்பரில் நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பெயர்த்துவிட்டது, பிறகு சரிசெய்தார்கள்.

இதில் எனக்கு முக்கியமாகத் தெரிவது வரிசை. கோரிக்கை, தற்காலிக ஒத்திகை, நிரந்தர வேலை, சேதம், பழுதுபார்ப்பு. நடுவில் உள்ள ஒத்திகைதான் கதையை மாற்றியது. தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் திறக்கப்பட்ட நடைபாதை வளாகத்துக்கும் முன்னதாக வாகனங்களை நிறுத்தி ஒத்திகை பார்த்தார்கள். வண்டி வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்ற கடைக்காரர்களின் பயத்தைப் பேசித் தீர்க்க முடியாது, காட்டித்தான் தீர்க்க முடியும். குடியிருப்புத் தெருவுக்கும் இதே வழி சரிப்படும். தெருமுனையைச் சுருக்க வேண்டும் என்று தோன்றினால் கான்கிரீட் கொட்டுவதற்கு முன் நான்கு பிளாஸ்டிக் கூம்புகளும் கொஞ்சம் சுண்ணாம்பும் வைத்து, காவல்துறையின் ஒப்புதலோடு ஒரு வாரம் பார்க்கலாம். குப்பை லாரி திரும்புகிறதா, பள்ளி வேன் திரும்புகிறதா, பிள்ளைகள் எளிதாகக் கடக்கிறார்களா? சரிப்படவில்லை என்றால் கூம்பை எடுத்துவிடலாம். மத்திய நகர்ப்புற அமைச்சகம் 2020-ல் தொடங்கிய 'மக்களுக்கான தெருக்கள்' போட்டியிலும் நகரங்களுக்குச் சொன்னது இதையே: குறைந்த செலவில், விரைவாக, தற்காலிகமாகச் செய்து பாருங்கள்.

அமைப்பையே மாற்றச் சொல்லி மக்கள் வென்றதற்கு உலகம் அறிந்த உதாரணம் நெதர்லாந்து. 1971-ல் அந்தச் சிறிய நாட்டில் 3,000-க்கும் மேற்பட்டோர் சாலையில் இறந்தார்கள். 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்ற பெயரிலேயே பெற்றோர் இயக்கம் கிளம்பியது, தெருக்களை மறித்தார்கள். கார்கள் நடக்கும் வேகத்தில் மட்டும் போகக்கூடிய குடியிருப்புத் தெருவுக்கு 1976-ல் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. அந்தப் பெற்றோர் கேட்டது தங்கள் தெரு யாருக்காக இருக்க வேண்டும் என்ற கேள்வி. இன்று சைக்கிளுக்குப் பேர்போன அந்த நாடு அப்போது காருக்குத் தெருவைத் தாரைவார்த்துக்கொண்டிருந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது

கிராம சபை பற்றி எல்லோருக்கும் தெரியும். நகரத்தில் அதற்கு ஈடாக ஒன்று இருக்க வேண்டும் என்று, நகர உள்ளாட்சிகளுக்கு அரசியல் சாசன அங்கீகாரம் தந்த 74-வது திருத்தத்துக்குப் பிறகும் பல ஆண்டுகள் நாம் கவலைப்படவில்லை. தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் 2022-ல் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன, தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். ஒரு வார்டைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, அந்தப் பகுதி வாக்காளர் எல்லோரும் உட்கார்ந்து பேசும் இடம் இது. தெருமுனையின் வளைவு பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஆனால் கூட்டம் எப்போது என்பது முன்கூட்டியே தெரிந்தால்தானே போக முடியும்? பள்ளி மாணவர், வீட்டுவேலை செய்பவர், வாடகைக்குக் குடியிருந்து வாக்கு வேறு ஊரில் வைத்திருப்பவர் எல்லோரும் இந்தத் தெருவில்தான் நடக்கிறார்கள். அவர்களையும் பேச விட்டால்தான் அந்தப் பேச்சு முழுமையாகும்.

சபையில் பேசினால் போதாது, பணத்தோடு அது சேர வேண்டும். புனே மாநகராட்சி 2006-லிருந்து ஒரு முறையை வைத்திருக்கிறது. வரவுசெலவுத் திட்டம் தயாராவதற்குச் சில மாதங்களுக்கு முன், குடிமக்கள் ஒரு படிவத்தில் தங்கள் வார்டுக்கு என்ன வேலை வேண்டும் என்று எழுதிக் கொடுக்கலாம். ஒரு வேலைக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை. நடைபாதை, தெருவிளக்கு, பேருந்து நிறுத்தம் போன்றவைதான் அதில் வழக்கமாக வருபவை. சிறிய தொகைதான். ஆனால் மனுவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது: இதற்கு ஒரு தேதி உண்டு, ஒரு தலைப்பு உண்டு, பட்டியலில் வந்ததா இல்லையா என்று பிறகு பார்க்க முடியும். நம் மாநகராட்சிகளின் நிதிநிலை அறிக்கை பொதுவாக பிப்ரவரி, மார்ச்சில் தாக்கலாகிறது. உதவிப் பொறியாளர் எஸ்டிமேட் போடுவது அதற்குப் பல மாதங்கள் முன்பே. மார்ச்சில் மனுவோடு போகிறவரிடம் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்வார்கள். அக்டோபரில் போகிறவருக்கு வாய்ப்பு அதிகம்.

கொள்கை அளவில் குறை சொல்ல அதிகம் இல்லை. சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் அல்லாத போக்குவரத்துக் கொள்கையை ஏற்று, போக்குவரத்துக்கான செலவில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று சொன்னது. இந்தியாவில் அப்படிச் சொன்ன முதல் நகரங்களில் ஒன்று. கோவையில் ரேஸ்கோர்ஸ், டி.பி. ரோடு ஆகியவற்றை மாதிரிச் சாலைகளாக மாற்றிக் காட்டினார்கள். ஆனால் இவையெல்லாம் பெரிய சாலைகள், பேர்சொல்லும் சாலைகள். ஒரு சாதாரணக் குறுக்குத்தெருவுக்கு இந்தக் கொள்கை எப்போது வரும் என்று யாரும் சொல்வதில்லை.

மனு எழுதப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. "வேகத்தடை வேண்டும்" என்று தொடங்காதீர்கள். என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். நான்கைந்து பேர் சேர்ந்து, அதில் ஒரு முதியவரும் ஒரு பள்ளிப் பிள்ளையும் இருக்கட்டும், முடிந்தால் சக்கர நாற்காலியில் போகிறவர் ஒருவரும், பள்ளி விடும் நேரத்தில் ஒரு முறை, இருட்டிய பிறகு ஒரு முறை தெரு முழுவதும் நடந்து பாருங்கள். கையில் ஒரு அளவு நாடா போதும். நடைபாதையின் அகலம் எங்கே குறைகிறது, உயரம் எவ்வளவு, எந்தக் கம்பத்துக்கும் எந்தக் கம்பத்துக்கும் நடுவில் இருட்டு, பிள்ளைகள் எந்த இடத்தில் கடக்கிறார்கள், அங்கே நின்று கால் மணி நேரத்தில் எத்தனை பேர், எத்தனை வண்டி. இரண்டு பக்கத்தில் முடியும் விஷயம். இப்படி ஒரு தாளோடு போனால் பொறியாளர் பேசும் விதமே மாறும். அவருக்கும் மேலிடத்தில் காட்ட ஒரு ஆதாரம் வேண்டியிருக்கிறது.

சட்டமும் இப்போது பக்கத்தில் நிற்கிறது. கோவையைச் சேர்ந்த எலும்பு சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகளைத் தடுக்க நடவடிக்கை கேட்டு 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அந்த வழக்கில்தான் 2025 மே மாதம், தடையில்லாத நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அவை இருக்க வேண்டும் என்றும், மாநிலங்கள் இதற்கான வழிகாட்டுதல்களை வகுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. இனிமேல் நடைபாதை கேட்பவர் சலுகை கேட்கவில்லை.

கடைசியாக, செலவே இல்லாத ஒரு மாற்றம் உண்டு, உடனே செய்யலாம். ஒவ்வொரு பகுதி சபையிலும் வந்த தெருப் பாதுகாப்பு யோசனைகளை வார்டு அலுவலகத்தின் வெளிச்சுவரில் ஒட்டுவது. பக்கத்திலேயே ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி பதில்: எடுத்துக்கொண்டோம், இந்தத் துறைக்கு அனுப்பினோம், முடியாது என்றால் ஏன் முடியாது. அடுத்த கூட்டம் அந்தப் பட்டியலை வாசிப்பதிலிருந்து தொடங்கட்டும். 'முடியாது' என்ற பதில்கூடப் பரவாயில்லை. காரணம் எழுத்தில் இருந்தால் அதை மறுத்துப் பேச முடியும், திருத்திய யோசனையோடு திரும்பி வர முடியும்.